கரையில் தேயும் கலம்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து மும்பையிலும் கோவாவிலும் விசாகப்பட்டினத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் குழந்தைகள் விடுமுறை நாளில் கடற்கரைக்குச் செல்கின்றனர். இரண்டு மெல்லிய உடல்களை இணைத்து, நடுவே துணிமேடை கட்டி, பாய் விரித்துச் செல்லும் சிறு படகு ஒன்று அவர்கள் கண்ணில் படுகிறது. அதன் பெயர் என்னவென்று வினவினால் 'கேட்டமரான்' என்று விடை வருகிறது. ஏதோ ஆங்கிலச் சொல் என்று எண்ணிக் குழந்தை வீடு திரும்புகிறது. அது தன் பாட்டனார் ஊரில் வழங்கும் 'கட்டுமரம்' என்னும் சொல்லே என்று அதற்கு எடுத்துச் சொல்ல நம்மில் எத்தனை பேர் முன்வருகிறோம்?

சொல் நம்முடையது. ஆயினும் அந்தப் படகின் வடிவம் நம்முடையதன்று. இதை மறைத்துப் பெருமை பேசுவது வரலாற்றுக்கு அழகாகாது. நம் கட்டுமரம் மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த மிதவை. அதற்கு உட்குழிவு கிடையாது. மேலை நாட்டார் அப்பெயரால் அழைப்பதோ உட்குழிவுள்ள இரண்டு படகுகளின் இணைப்பு. பெயர் ஒன்றாக, உருவம் வேறாக உள்ள இவ்விரண்டுக்கும் பொதுவானது யாது? துறைமுகம் வேண்டாமல் திறந்த கடற்கரையிலேயே புறப்பட்டு, திறந்த கடற்கரையிலேயே வந்து ஏறுவது. அந்த உரிமைக்கு இரண்டும் கொடுக்கும் விலையும் ஒன்றே: மணல் அவற்றின் அடியைத் தேய்க்கிறது. தேய்ந்த அடியை உடையவனே தன் வீட்டு வாயிலில் புரட்டிப் போட்டுச் செப்பனிட வேண்டியிருக்கிறது. படகு கட்டியவர்களின் வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளது. படகின் அடியைச் செப்பனிட்டவர்களின் வரலாற்றை இங்கே சற்று நோக்குவோம்.

கயிற்றின் காலத்திலிருந்து தொடங்குவோம். சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரியவை. அலை உடைந்து சிதறும் திறந்த கரையே அங்குள்ள மீனவர்க்குத் துறை. அத்தகைய கரைக்கு ஏற்ற கலமாகக் கட்டுமரம் அமைந்தது. கனமற்ற மென்மரத் துண்டுகளைச் செதுக்கி, நடுத்துண்டு தாழவும் ஓரத்துண்டுகள் சற்று உயரவும் வைத்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுகக் கட்டினர். அலை அதன்மேல் ஏறினும் நீர் இடுக்குகள் வழியே வடிந்துவிடும், மூழ்குவதற்கு உட்குழிவில்லை. கடலிலிருந்து திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணல்மேட்டிற்குக் கொண்டு சென்று உலர வைப்பது வழக்கம். உலர்ந்த மரம் கனம் குறையும். நீரிலேயே கிடக்கும் மரக்கலங்களைத் துளைத்து அழிக்கும் கப்பற்புழுவுக்கும் இவ்வுலர்த்தலே பகை.

ஆழ்ந்து நோக்கினால், கட்டுமரத்தில் செப்பனிடுதல் என்பது தனியொரு தொழிலாக இருக்கவில்லை என்பது புலனாகும். ஒவ்வொரு நாளும் கலம் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு நாளும் மீண்டும் கட்டப்பட்டது. பிரிக்கும்போது தேய்வு கண்ணில் படும். ஒரு துண்டு கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். கயிறு நைந்தால் கயிற்றை மாற்றலாம். கலம் முழுவதையும் கைவிட வேண்டிய நிலை எளிதில் வருவதில்லை.

அதே கரையில் வழங்கிய மசூலாப் படகும் இக்கருத்தையே வலியுறுத்துகிறது. சென்னைக்குத் துறைமுகம் அமைவதற்கு முன், நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து மக்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை இப்படகுகளே. அவற்றின் பலகைகள் ஆணி அடித்துப் பொருத்தப்படவில்லை, கயிற்றால் தைக்கப்பட்டன. அலை தூக்கி மணலில் எறியும்போது, விறைத்து நிற்கும் படகு பிளந்துபோகும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். தையல் தளர்ந்தால் மீண்டும் தைப்பர். சென்னை மாகாண மீன்துறைத் தலைவராகப் பணிபுரிந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வகைகளைப் பற்றி 1920-இல் வெளியிட்ட ஆய்வு நூல், நம் கரைக் கலங்களின் அமைப்பை அறிய இன்றும் துணை நிற்கிறது.

இனி, பெயர் கடல் கடந்த கதைக்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ஜான் பிரையர் 1673-இல் சோழமண்டலக் கரையோரமாக வந்தபோது கட்டுமரங்களைக் கண்டு குறிப்பெழுதினார். வில்லியம் டாம்பியர் என்னும் கடலோடி 1697-இல் வெளியிட்ட தம் உலகப் பயண நூலில் அப்பெயரை எடுத்தாண்டார். அந்நூல் இங்கிலாந்தில் பெரிதும் படிக்கப்பட்டது. அதன் பின்னர் ஆங்கிலேயர் வாயில் அச்சொல் நிலைபெற்றது. தொடக்கத்தில் அது மிதவையையே குறித்தது.

இரட்டை உடற் படகு வேறு மரபில் வந்தது. பசிபிக் பெருங்கடலின் தீவுகளில் வாழ்ந்த பாலினேசிய மக்கள், இரண்டு தோணிகளைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து நெடுந்தொலைவு கடலோடினர். 1769-இலும் அதன் பின்னும் தாகித்தித் தீவை அடைந்த கேப்டன் குக்கும் அவருடன் சென்றோரும் அவற்றைக் கண்டு வியந்தனர். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பே, 1662-இல், வில்லியம் பெட்டி என்னும் அறிஞர் டப்ளினில் இரண்டு அடி கொண்ட கலம் ஒன்றைக் கட்டிப் பார்த்தார். அவருடைய கலங்களுள் ஒன்று 1665-இல் கடலில் மூழ்கியது; அம்முயற்சி வேரூன்றவில்லை.

1876-இல் அமெரிக்க நாட்டின் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் ஹெரெஷாப் 'அமரில்லிஸ்' என்னும் இரட்டை உடற் படகைக் கட்டி, நியூயார்க்கில் நடந்த நூற்றாண்டுப் பந்தயத்தில் ஓட்டினார். அது ஏனைய படகுகளை எளிதில் பின்தள்ளியது. போட்டியாளர் ஆட்சேபித்தனர்; அவ்வகைப் படகுகள் வழக்கமான பந்தயங்களிலிருந்து விலக்கப்பட்டன. மறு ஆண்டு அவர் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு உடல்களைச் சேர்த்துக் கட்டிய கலம் என்ற அளவில், தமிழ்க் கரையிலிருந்து சென்ற பெயர் அதன்மேல் ஏறி நிலைத்துவிட்டது.

அக்காலத்து இரட்டைப் படகு செல்வர்களின் விளையாட்டுப் பொருள். எளியவர் வீட்டு முற்றத்திற்கு அதைக் கொண்டு வந்தவை ஒட்டுப்பலகையும் பசையும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குறிப்பாக விமானத் தொழிலின் தேவையால், நீருக்கு அசையாத பசைகள் உருவாயின. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவை படகு கட்டுவோர் கைக்கு வந்தன. 1947-இல் ஹவாய்த் தீவில் உட்டி பிரவுனும் ஆல்பிரட் குமலாயியும் ஒட்டுப்பலகையால் 'மனு காய்' என்னும் இரட்டைப் படகைக் கட்டினர். அது வைகிக்கிக் கடற்கரையில் நேரே ஏறி இறங்கும் கலம். பாய்ப்படகு பக்கவாட்டில் வழுகாதிருக்க நீரினுள் இறக்கும் நடுப்பலகையை அவர்கள் வைக்கவில்லை. கரையேறும்போது அது தடையாகும் அன்றோ? உடலின் இரு பக்கங்களையும் ஒத்த வடிவில் அமைக்காமல் ஏற்றத்தாழ்வாக வளைத்து, உடலையே நடுப்பலகையின் வேலையைச் செய்ய வைத்தனர். இந்நுட்பத்தை நினைவில் கொள்க. பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இங்கிலாந்தில் எசெக்ஸ் மாவட்டத்தின் கான்வி தீவைச் சேர்ந்த ரோலண்டு பிரவுட், பிரான்சிஸ் பிரவுட் என்னும் உடன்பிறந்தார், இரண்டு துடுப்புப் படகுகளை இணைத்துப் பார்த்ததில் தொடங்கி, 1950-களில் 'ஷியர்வாட்டர்' என்னும் பந்தயப் படகை உருவாக்கினர். அதே ஆண்டுகளில் ஜேம்ஸ் வாரம் தாமே கட்டிய சிறு இரட்டைப் படகில் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். பின்னர் வீட்டிலேயே படகு கட்ட விரும்புவோர்க்கு வரைபடங்கள் வழங்குவதை அவர் வாழ்நாள் தொழிலாகக் கொண்டார்.

மரப்படகின் அடி தேய்ந்தால் என் செய்தனர்? கெட்ட பலகையை வெட்டி எடுத்து, வெட்டின் ஓரத்தை நெடுஞ்சரிவாகச் சீவி, அதே சரிவு கொண்ட புதுத்துண்டைப் பசையிட்டு ஒட்டினர். செங்குத்தாக வெட்டி முட்டுக்கொடுத்து ஒட்டினால் இணைப்பு அடுத்த அலையில் விடும். சரிவாகச் சீவினால் ஒட்டும் பரப்பு பெருகும். விசை ஓரிடத்தில் குவியாமல் பரவும். தச்சர் நெடுங்காலமாக அறிந்த இவ்வுண்மை, மரம் போய்க் கண்ணாடி வந்த பின்னும் மாறவில்லை.

கண்ணாடி இழை என்பது, கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்து நெய்த துணி. அதைப் பாலியெஸ்டர் பிசினில் தோய்த்து அச்சில் படிய வைத்தால் இறுகி ஓடாகும். 1942-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் இம்முறையில் ஒரு படகை உருவாக்கினார். கலிபோர்னியாவின் டானா பாயிண்ட் என்னும் ஊரில் அலைச்சறுக்குப் பலகை செய்து வந்த ஹோபி ஆல்டர், 1950-களின் இறுதியில் மரத்தைக் கைவிட்டு, நுரைப்பொருளின்மேல் இழைத்துணி போர்த்திப் பலகை செய்தார். அத்தேர்ச்சியைக் கொண்டே 1968-இல் 14 அடி நீளமுள்ள இரட்டைப் பாய்ப்படகை வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் 16 அடிப் படகு வந்தது. அதன் எடை ஏறத்தாழ 145 கிலோ. இருவர் மணலில் இழுத்துச் செல்லலாம். அது உலகெங்கும் பரவி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அதற்கும் நடுப்பலகை கிடையாது. வெளிப்பக்கம் தட்டையாகவும் உட்பக்கம் வளைந்தும் உள்ள உடலே வழுகலைத் தடுக்கிறது.

இழைப்படகு உளுக்காது, புழு அரிக்காது. ஆகவே அதற்குப் பழுதே இல்லை என்று மக்கள் நம்பினர். அந்நம்பிக்கையே அதற்குப் பகையாயிற்று. இப்படகின் அடிவாரம் வாழைப்பழம் போல் வளைந்தது. கரையில் வைத்தால் முழு அடியும் மணலைத் தொடுவதில்லை; எடை முழுவதும் சில அங்குல நீளத்தில் தங்குகிறது. முன்புறத்தைத் தூக்கி இழுத்தால் பின்னடி உராய்கிறது. மணல் என்பது என்ன? பெரும்பாலும் படிகக்கல்லின் பொடி. உப்புத்தாளின்மேல் படகை இழுப்பதும் மணலில் இழுப்பதும் ஏறக்குறைய ஒன்றே. முதலில் மேற்பூச்சான ஜெல்கோட் போகும். பின்னர் இழை தெரியும். ஒரு நாள் படகில் நீர் புகும். வாங்கிய நாள் முதல் புரட்டியே பார்க்காத படகை அன்றுதான் உடையவர் புரட்டுகிறார்.

கட்டுமரம் நாள்தோறும் தன் அடியைக் காட்டியது. கண்ணாடிப் படகு அதை மறைத்து வைக்கிறது. இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே எனலாம்.

இனி, அப்படிப் புரட்டிய படகை வீட்டில் செப்பனிடும் முறையைக் காண்போம். பாய்மரத்தையும் துணிமேடையையும் கழற்றிவிட்டு, இருவர் சேர்ந்து படகைக் கவிழ்த்து, பழைய டயர்களின்மேலோ கம்பளம் சுற்றிய மரத்தாங்கிகளின்மேலோ வைப்பர். நன்னீரால் உப்பைக் கழுவி, நீர் வடிக்கும் துளையின் அடைப்பானை எடுத்துவிட்டுப் பல நாள் உலர விடுவர். ஈரத்தின்மேல் எந்தப் பிசினும் பிடிக்காது. பின்னர் விரல் முட்டியால் அடியையும் பக்கங்களையும் தட்டிக் கேட்பர். கணீரென்று ஒலித்தால் நலம். தொய்ந்த ஒலி வந்தால் உள்ளிருக்கும் நுரைப்பொருளிலிருந்து மேலோடு விட்டுவிட்டது என்று பொருள். அது வேறு வகைப் பழுது. கண்ணுக்குத் தெரியாத கசிவை அறியவும் ஒரு வழி உண்டு. சவர்க்கார நீரை அடியெங்கும் பூசி, நீர்த்துளை வழியாக வாயால் மெல்ல ஊதினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி எழும். காற்றழுத்த இயந்திரத்தால் ஊதுவது தவறு; படகின் இணைப்புகளே விட்டுப்போகும்.

அடுத்தது துடைத்தல். மெழுகும் எண்ணெயும் அடியில் படிந்திருக்கும். முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் அவற்றைத் துடைத்தெடுத்த பின்பே உப்புத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். முறையை மாற்றித் தேய்த்தால், அழுக்கு இழைக்குள் புகுந்து ஒட்டுதலைக் கெடுக்கும். 80 எண் உப்புத்தாளால், உறுதியான பழைய அடுக்கு தென்படும் வரை தேய்ப்பர். ஓட்டை விழுந்திருந்தால், மரப்படகுக்குச் சொன்ன சரிவு இங்கும் வேண்டும்: ஓட்டின் கனத்தைப் போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலத்திற்குச் சுற்றிலும் சரிவு. 3 மில்லிமீட்டர் கனமான அடிக்கு 36 மில்லிமீட்டர் சரிவு. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குத் தீங்கு. ஆகவே தகுந்த முகமூடியும் கையுறையும் கண்ணாடியும் இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. பிசின் வேலையைக் காற்றோட்டமுள்ள இடத்திலேயே செய்ய வேண்டும்.

பிசினைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு வரலாறு உண்டு. படகு பாலியெஸ்டரால் ஆனது. ஆகவே பாலியெஸ்டரையே பூசினால் போதும் என்று பலர் எண்ணினர். புதிதாக வார்க்கும்போது அடுக்கோடு அடுக்கு வேதிமுறையில் இணையும். பல ஆண்டு இறுகிய பழைய ஓட்டின்மேல் அவ்விணைப்பு ஏற்படுவதில்லை. வெறும் ஒட்டுதலே மிஞ்சுகிறது. ஒட்டுதலில் வல்லது எபாக்ஸி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பனிப்படகும் பாய்ப்படகும் கட்டி வந்த கூஜன் உடன்பிறந்தார் மூவர், 1970-களின் தொடக்கத்தில் எபாக்ஸியைப் படகு வேலைக்கு ஏற்ப வகுத்து, சிறு அளவில் வீட்டுக்காரரும் வாங்கிக் கலக்குமாறு விற்கத் தொடங்கினர். வீட்டுச் செப்பனிடுதலின் போக்கை மாற்றிய நிகழ்ச்சி அது.

எபாக்ஸியைக் கையாள்வதில் கண்டிப்பு வேண்டும். பிசினும் ஹார்டனரும் உற்பத்தியாளர் குறித்த விகிதத்தில் கலக்கப்பட வேண்டும். ஒரு வகைக்கு 5-க்கு 1, மற்றொரு வகைக்கு 2-க்கு 1 என இருக்கும். விரைவில் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால், அது இறுகாமல் பிசுபிசுத்து நிற்கும். பாலியெஸ்டரோடு பழகியவர் பலர் இங்கேதான் தவறுகின்றனர். ஒரே கிண்ணத்தில் மிகுதியாகக் கலந்து வைத்தால், இறுகும்போது எழும் வெப்பம் வெளியேற வழியின்றிக் கிண்ணம் புகையும். சிறிது சிறிதாகக் கலப்பதே முறை.

இழைத்துணியை 5, 7.5, 10 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாக வெட்டிக்கொள்வர். பிசினை முதலில் அடியில் தடவி, பட்டையை நீளவாக்கில் படிய வைத்து, காற்றுக்குமிழி வெளியேற அழுத்தித் தடவுவர். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகள் வைத்தால் பெரும்பாலும் போதும். இந்த வேலைக்குரிய நேரம் மாலை. காலையில் தொடங்கினால் வெயிலில் படகினுள் இருக்கும் காற்று விரிந்து, நுண்துளைகளின் வழியே ஈரப்பிசினைக் கிளப்பிக் குமிழ் உண்டாக்கும். வெப்பம் இறங்கும் வேளையில் உட்காற்று சுருங்குமாதலால் பிசின் நன்றாக உள்ளிழுக்கப்படும். நீர்த்துளையைத் திறந்தே வைப்பதும் இதன் பொருட்டே.

இறுகிய எபாக்ஸியின்மேல் மெழுகு போன்ற ஒரு படலம் தோன்றுவதுண்டு. அதை நீரால் கழுவிவிட்டுத்தான் அடுத்த பூச்சு. மேடுபள்ளங்களை நிரவப் பட்டி பார்ப்பர். அடிவிளிம்பில் இலேசான பட்டிப்பொடி கூடாது. அது மணலில் முதல் நாளே உதிரும். சிலிக்காப் பொடி கலந்த கடினமான பட்டியே அவ்விடத்திற்குத் தகும். பின்னர் உப்புத்தாளால் உருவத்தைத் திருத்துவர். இங்கேதான் நாம் முன்பு நினைவில் கொள்ளச் சொன்ன நுட்பம் பயன்படுகிறது. நடுப்பலகை இல்லாத படகில் அடியின் வடிவமே அதன் பிடிப்பு. கை போன போக்கில் உருட்டித் தேய்த்தால் படகு நீர் புகாமல் மிதக்கும். ஆனால் காற்றுக்கு எதிராக ஏறும் ஆற்றல் குன்றிப் பக்கவாட்டில் வழுகும். ஆகவே தேயாத பகுதியில் அட்டையை வைத்து வெட்டி அளவெடுத்து, அதனைத் தேய்ந்த பகுதியில் பொருத்திப் பார்த்துப் பார்த்துத் திருத்துவர். இரண்டு உடல்களுக்கும் இது ஒன்றுபோல் செய்யப்பட வேண்டும்.

இறுதியாக மேற்பூச்சு. எபாக்ஸி வெயில் தாங்காது. பூச்சின்றி விட்டால் வலுவிழக்கும். ஜெல்கோட் பாலியெஸ்டர் இனத்தது. எபாக்ஸியின்மேல் அது நம்பத்தக்க வகையில் பிடிப்பதில்லை. ஆகவே படகுக்குரிய பெயின்ட் பூசுவோர் பலர். சில வார மாலைகளும் இரண்டொரு ஞாயிற்றுக்கிழமைகளும் இதற்கு வேண்டும். அதன்பின் சக்கர வண்டியில் ஏற்றியே கரையில் நகர்த்தினால், செய்த வேலை பல ஆண்டு நிற்கும்.

இத்துணை விரிவாக இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பழைய கட்டுமரம் கைவிடப்பட்டால் மரம் மண்ணோடு மண்ணாகும். அல்லது அடுப்புக்குப் போகும். கைவிடப்பட்ட கண்ணாடி இழைப்படகு மண்ணாவதில்லை, எரித்தால் நச்சுப்புகை. உலகின் கடற்கரைகள் பலவற்றில் இத்தகைய ஓடுகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றுள் பல, அடியில் மட்டும் தேய்ந்து மற்றெங்கும் உறுதியாக இருப்பவை. ஒருவர் புரட்டிப் பார்த்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு ஓடியிருக்கும்.

இது விளையாட்டுப் படகுக்கு மட்டும் உரிய செய்தியாக நின்றுவிடவில்லை. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், திறந்த கரையில் ஏறும் புதுப் படகுகளை ஆராய்ந்தது. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், ஒட்டுப்பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் இழைத்துணியும் பிசினும் பூசிய படகுகள் கட்டப்பட்டன. மசூலாப் படகின் தையல் வேறு உருவில் மீண்டு வந்தது போன்ற காட்சி! 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்து கட்டுமரங்களையும் படகுகளையும் அழித்தபின், நிவாரணமாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடி இழைப்படகுகள். இன்று நம் கரையில் 'பைபர் படகு' என்பதே வழக்கமான பெயர். அவற்றின் அடியையும் அதே மணல்தான் தேய்க்கிறது. உப்புத்தாளும் இழைத்துணியும் பிசினும் கொண்டு கரையிலேயே அவற்றைச் செப்பனிடும் தொழிலாளரை நம் மீனவர் ஊர்களில் காணலாம்.

ஆகவே, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் நம் கரையிலிருந்து சொல் ஒன்று புறப்பட்டது. அது வேறோர் உருவத்தின்மேல் ஏறி அமர்ந்தது. அந்த உருவத்தை வடித்த கண்ணாடியும் பிசினும் நம் கரைக்கே வந்து, கட்டுமரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டன. கயிறு போயிற்று, பசை வந்தது, பிசின் வந்தது. கலத்தைப் புரட்டி அதன் அடியை நோக்கும் கடமை மட்டும் எக்காலத்திலும் உடையவனிடமே தங்கியது. கட்டுமரக்காரன் அதை நாள்தோறும் செய்தான். இன்றைய படகுக்காரர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் செய்தால், படகு கரையில் குப்பையாகாமல் கடலில் ஓடும்.

அடுத்த முறை கடற்கரைக்குக் குழந்தைகளுடன் செல்லும் அன்பர்கள், அந்த இரட்டைப் படகு கரையேறும் வரை சற்று நிற்பார்களாக. அதன் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு குனிந்து, மணலைத் தொடும் அதன் அடியையும் அவர்களுக்குக் காட்டுங்கள்.